பத்து புள்ளி எட்டு ஏழு

கோடை வகுப்பின் பதினெட்டாம் நாள் காலை ஒன்பது மணிக்கு, அறிவியல் மனப்பான்மை என்றால் என்ன என்று பேராசிரியர் திரையைப் பார்த்துப் படித்துக்கொண்டிருந்தார். திரையில் இருந்ததை ஒரு எழுத்துக் கூட்டாமல் குறைக்காமல் படித்தார். முற்றுப்புள்ளி வரும் இடத்தில் மட்டும் திரும்பி வகுப்பைப் பார்த்தார். எதையும் கேள்வி கேட்காமல் ஏற்கக் கூடாது என்பது ஆறாவது வரி. அதை முப்பத்தொன்பது பேரும் கேள்வி கேட்காமல் எழுதிக்கொண்டார்கள்.

மூன்றாவது வரிசையில் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தவள் மட்டும் எழுதவில்லை. அவளுக்கு இருபது வயது. நாலு பேர் திரும்பிப் பார்த்தால் தொண்டை அடைத்துக்கொள்ளும் சுபாவம். அதனால் வகுப்பில் அவளுக்கு ஊமைக்கோட்டான் என்று பெயர் வைத்திருந்தார்கள். அது அவளுக்குத் தெரியும். அவர்களுக்கு அவள் மனதுக்குள் வைத்திருந்த பெயர்கள் அவர்களுக்குத் தெரியாது. அந்த வகையில் அவள் முன்னால்தான் இருந்தாள்.

முதல் வரிசை நடுவில் உட்கார்ந்திருந்தவனுக்கு அவள் வைத்த பெயர் மைக். பதில் தெரிந்த கேள்வியை மட்டும் எழுந்து நின்று கேட்பான். இன்றும் எழுந்தான். இதை நாம் அன்றாட வாழ்க்கையில் எப்படிப் பயன்படுத்துவது சார் என்றான். நல்ல கேள்வி என்றார் பேராசிரியர். அதற்கான பதில் அடுத்த படத்திலேயே இருந்தது. இருவரும் பேசி வைத்துக்கொண்டு செய்தாலும் இவ்வளவு பொருத்தமாக வராது.

அவளுக்குப் பக்கத்தில் தலையாட்டி. யார் என்ன சொன்னாலும் தலையாட்டுகிற பெண். விசிறி சுற்றினாலும் அதற்கு இசைவாக ஒரு ஆட்டு ஆட்டுவாள். பதிவு எண் அடுத்தடுத்து வந்ததால் ஆய்வகத்தில் இவள்தான் அவளுக்கு ஜோடி. கிடைத்த ஜோடியைப் பார்த்து முதல் நாளே மனதுக்குள் தலையில் அடித்துக்கொண்டாள்.

இந்த முப்பது நாளையும் அவள் பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்து தீர்ப்பதற்கு ஒரே காரணம்தான். ஒவ்வொரு கோடையிலும் பல கல்லூரிகளிலிருந்து நாற்பது பேரை எடுத்து வகுப்பு நடத்தும் இந்த நிறுவனம், அதில் ஒருவருக்கு மட்டும் ஒரு வருடத்துக்கு ஆய்வகத்தில் இடம் தரும். தனி மேசை, தனிச் சாவி. கடைசி வருடத் திட்டப்பணியை இங்கேயே செய்யலாம். பேராசிரியர் அடுத்த வாரம் ஊரில் இல்லை என்பதால், இன்று மாலை ஆய்வக முடிவுகளைக் கேட்டுவிட்டு அந்த ஒருவரை அறிவித்துவிடப் போவதாகச் சொல்லியிருந்தார்கள்.

அவளுடைய கல்லூரியில் ஆய்வகத்தின் பூட்டு தேர்வு வாரத்தில் மட்டும் திறக்கும். திட்டப்பணி என்பது பைண்டிங் கடையில் கிடைக்கும் சமாச்சாரம். பழைய பிரதியில் பெயர்ப் பக்கத்தை மட்டும் மாற்றித் தருவார்கள். அதற்கப்புறம் பெரியப்பாவின் டியூஷன் சென்டர். இப்போதே அவளை டீச்சரம்மா என்றுதான் கூப்பிடுகிறார். அங்கே எதையும் ஏன் என்று சொல்லித் தருவதில்லை. தேர்வுக்கு எது வரும் என்று சொல்லித் தருவார்கள். இரண்டு விடுமுறைகள் அங்கே உட்கார்ந்து விடைத்தாள் திருத்தியதில், ஒரே தப்பை அறுபது பேர் ஒரே எழுத்தில் எழுதுவதைப் பார்த்திருக்கிறாள். அப்பா தன் அண்ணன் பேச்சை மீறியவர் இல்லை. கிளம்பும்போது ஒன்றுதான் சொன்னார்.

"அந்த இடம் கிடைச்சா நான் உங்க பெரியப்பாகிட்ட பேசறேன்மா. கிடைக்கலேன்னா எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு பேச?"

பதினொரு மணி வகுப்பு கணிதம். இளம் ஆசிரியர் கரும்பலகை முழுக்க ஒரு தொகையீட்டைப் போட்டு முடித்து, புத்தகத்தின் பின்பக்கத்தைப் புரட்டினார். விடை குறியில் மாறியிருந்தது. பலகையில் கடைசி வரியின் கூட்டல் குறியை விரலால் துடைத்துவிட்டுக் கழித்தல் குறியைப் போட்டார். எந்த வரியில் தப்பு என்று தேடவில்லை. பின்வரிசையில் ஒருவன் தன் நோட்டிலும் அதே மாதிரி விரலால் தேய்த்தான். தப்பு நான்காவது வரியில் இருந்ததை அவள் பார்த்திருந்தாள். சொல்லவில்லை. சொல்லி யாரைத் திருத்துவது?

மதியச் சாப்பாட்டின்போது மேசைக்கு அடியில் ஒரு பழைய ரெக்கார்டு நோட்டு கை மாறியது. போன வருட மாணவனுடையது. மைக் எப்படியோ பிடித்திருந்தான். பிற்பகல் சோதனை தனி ஊசல். நூலில் குண்டைக் கட்டித் தொங்கவிட்டு, அது ஆடும் நேரத்தை அளந்து, பூமி பொருள்களை எவ்வளவு வேகமாக இழுக்கிறது என்று கணக்கிட வேண்டும். பள்ளிக்கூடப் பிள்ளைக்கும் விடை தெரியும், ஒன்பது புள்ளி எட்டு. பழைய நோட்டில் ஆறு நீளங்களுக்கும் அளவுகள் வரிசையாக இருந்தன. ஆளுக்கு ஒரு பின்னத்தை அங்கே இங்கே மாற்றி எழுதிக்கொண்டார்கள். நோட்டு அவளிடமும் வந்தது. வேண்டாம் என்று தலையை அசைத்தாள்.

"ஊமைக்கோட்டானுக்கு வேணாமாம்பா. அது நேரா பூமிகிட்டயே கேட்டுக்குமாம்" என்றான் மைக். மேசை முழுக்கச் சிரித்தது.

ஆய்வக வாசலில் ஒரு பெட்டி. எல்லோரும் கைபேசியை அதில் போட்டுவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். ஆய்வக உதவியாளர் பதினொரு விதிமுறைகள் கொண்ட தாளை எடுத்து, பஸ் நடத்துனர் நிறுத்தங்களைச் சொல்வதுபோல ஒரே மூச்சில் படித்தார். மூன்றாவது விதிக்கே அவள் நூலை அளக்க ஆரம்பித்துவிட்டாள். இந்த விதிகளெல்லாம் கூரைவிட்டத்தில் தலையை இடித்துக்கொள்கிறவர்களுக்காக எழுதப்பட்டவை என்று அவளுக்கு நினைப்பு. தலையாட்டி ஒவ்வொரு விதியையும் நோட்டில் குறித்துக்கொண்டிருந்தாள்.

ஒருவர் ஆட்டங்களை எண்ண வேண்டும், ஒருவர் ஸ்டாப்வாட்ச்சை இயக்க வேண்டும். எண்ணுவதை அவள் எடுத்துக்கொண்டாள். இருபது வரை தப்பில்லாமல் எண்ணத் தலையாட்டியை நம்ப அவள் தயாராக இல்லை.

"நீ வாட்ச்ச மட்டும் புடி. சொல்றப்ப அமுக்கு, சொல்றப்ப நிறுத்து. வேற எதுவும் பண்ணாத."

குண்டு குறியைக் கடக்கும்போது அவள் "ஒண்ணு" என்றாள். தலையாட்டி அமுக்கினாள். "இருபது" என்றதும் நிறுத்தினாள். முப்பத்தெட்டு நொடி சொச்சம். அதை எழுதும்போது தலையாட்டி ஏதோ சொல்ல வாயெடுத்தாள்.

"என்ன?" என்றாள் அவள். சின்னச் சொல்தான். ஆனால் பதினெட்டு நாள் வகுப்பின் எரிச்சல் முழுதும் அந்த ஒரு சொல்லில் இருந்தது.

"இல்ல, சும்மா" என்று தலையாட்டி அடுத்த நீளத்துக்கு நூலைச் சரிசெய்யப் போனாள்.

ஆறு நீளங்கள், ஒவ்வொன்றுக்கும் மூன்று முறை. கணக்குப் போட்டால் ஒன்பது புள்ளி எட்டு வரவில்லை. பத்து புள்ளி எட்டு ஏழு வந்தது. பெருக்கலைச் சரிபார்த்தாள். நூலை மறுபடி அளந்தாள். குண்டின் ஆரத்தைச் சேர்த்திருந்தாள். ஊசலைக் கொஞ்சமாகத்தான் இழுத்துவிட்டிருந்தாள். ஆறு நீளத்திலும் பிழை ஒரே பக்கமாக, ஏறக்குறைய ஒரே அளவாக இருந்தது. கை தவறியதால் வருகிற பிழை இப்படி ஒழுங்காக வராது. ஒழுங்காக வருகிற பிழை கருவியில் இருந்துதான் வரும். மிச்சம் இருந்தது வாட்ச் ஒன்றுதான். உருண்டையாக, நிக்கல் உரிந்து, சாவி கொடுத்து ஓட்டுகிற பழங்காலத்து வாட்ச். அது மெதுவாக ஓடுகிறது, நூற்றுக்கு ஐந்து பங்கு. எல்லா மேசையிலும் ஒரே பெட்டியிலிருந்து எடுத்த, அதே வயதுடைய வாட்ச்கள்.

நிமிர்ந்து பார்த்தாள். பத்தொன்பது மேசைகளிலும் ஊசல் பேருக்கு ஆடிக்கொண்டிருக்க, எல்லோரும் குனிந்து கட்டங்களை நிரப்பிக்கொண்டிருந்தார்கள். ஒரு மேசையில் குண்டையே இன்னும் கட்டவில்லை. அங்கேயும் ஒன்பது புள்ளி ஏழு எட்டு வந்திருந்தது. இவ்வளவு மெதுவாக ஓடும் வாட்ச்சை வைத்துக்கொண்டு அந்த விடையை ஒருவனாலும் அளந்து எடுக்க முடியாது. அத்தனை பேரும் திருடர்கள் என்பதற்கு அவள் கையில் சாட்சி இருந்தது. இந்த வகுப்புக்கு வந்த நாளிலிருந்து அவள் இவ்வளவு சந்தோஷமாக இருந்ததில்லை.

மூன்றரை மணிக்குப் பேராசிரியர் வந்து உட்கார்ந்தார். ஒவ்வொரு மேசையாக எழுந்து விடையைச் சொன்னார்கள். ஒன்பது புள்ளி எட்டு, ஒன்பது புள்ளி ஏழு ஒன்பது. மைக் ஒன்பது புள்ளி எட்டு ஒன்று என்று சொல்லி, பிழை நூற்றில் ஒரு பங்குக்கும் கீழே சார் என்று சேர்த்துக்கொண்டான். பேராசிரியர் பேனாவால் தாடையைத் தட்டிக்கொண்டு கேட்டார். கொட்டாவியை அவர் மூக்கு வழியாக விடுவதை அவள் பார்த்தாள்.

அவள் முறை வந்தது. எழுந்தாள். பத்து புள்ளி எட்டு ஏழு என்று சொன்னது அவளுக்கே சரியாகக் கேட்கவில்லை. ஆனால் எல்லோருக்கும் கேட்டுவிட்டது. சிரிப்பு எழுந்தது. பூமி உன்னை மட்டும் தனியா கவனிக்குதா என்றான் மைக். அந்தச் சிரிப்புதான் அவள் தொண்டையைத் திறந்துவிட்டது.

"வாட்ச் மெதுவா ஓடுது சார். நூத்துக்கு அஞ்சு. அத வச்சு அளந்தா ஒன்பது புள்ளி எட்டு வரவே வராது. வந்துச்சுன்னு சொல்றவங்க யாரும் ஊசல ஆட்டவே இல்ல சார்."

குண்டு கட்டாத மேசைக்காரன் குனிந்து செருப்பைச் சரிசெய்தான். பேராசிரியர் முதுகை நிமிர்த்தினார். அவர் முகத்தில் அவள் எதிர்பார்த்தது கோபம். வந்தது, காணாமல் போன பொருள் கிடைத்தவனின் மலர்ச்சி. இந்த வாட்ச்களை மாற்றித் தரச் சொல்லி ஐந்து வருடமாக இயக்குநருக்கு எழுதிக்கொண்டிருக்கிறேன், இதுவரை ஒரு ஆதாரம் கிடைத்ததில்லை என்றார். எல்லோரும் விடையைப் பார்க்கிறார்கள், ஒருத்திதான் கருவியைப் பார்த்திருக்கிறாள் என்றார். இடம் அவளுக்குத்தான் என்று அங்கேயே அறிவித்தார். ஐந்து மணிக்கு அறைக்கு வந்து படிவத்தில் கையெழுத்துப் போட வேண்டும், வாட்ச்களைப் பற்றி ஒரு பக்கம் எழுதித் தர வேண்டும், அதை இயக்குநருக்குப் போகும் கடிதத்தோடு இணைக்கப் போகிறார். கை தட்டினார்கள். மைக் கடைசியாகத் தட்ட ஆரம்பித்து எல்லோரையும்விடச் சத்தமாகத் தட்டினான். பேராசிரியரிடம் சரக்கு இருக்கிறது என்று அவள் முதல்முறையாக நினைத்தாள்.

பெட்டியிலிருந்து கைபேசியை எடுத்ததும் அப்பாவுக்குச் செய்தி அனுப்பினாள். கிடைத்துவிட்டது என்று ஒரே சொல்.

கை கழுவும் குழாயடியில் தலையாட்டி நின்றிருந்தாள். உன்னால் நம் மேசைக்கே பேர் வந்தது என்று மனதாரச் சந்தோஷப்பட்டாள். பிறகு குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டே பேச்சை இழுத்தாள்.

"ஒரு சந்தேகம் கேக்கட்டா? கோச்சுக்க மாட்டியே?"

"கேளு."

"நீ ஒண்ணுன்னு சொல்றப்பதானே நான் அமுக்கினேன். அப்ப ஒரு ஆட்டம்கூட முடியலியே. பூஜ்யம்னுதானே ஆரம்பிக்கணும்? நீ இருபதுன்னு நிறுத்தச் சொன்னப்ப பத்தொன்பதுதான் ஆயிருந்துச்சு."

தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது.

"அப்பவே ஏன் சொல்லல?"

"சொல்லத்தான் வந்தேன். நீ என்னன்னு கேட்டியா, எனக்கு உள்ள போயிடுச்சு. அதோட, உனக்குத் தெரியாததா எனக்குத் தெரியப் போவுதுன்னு விட்டுட்டேன். அந்த அண்ணன் படிச்சாரே, அதுல ஏழாவது விதிகூட பூஜ்யத்துலேருந்து எண்ணணும்னுதான்."

அவள் அந்த முகத்தில் நக்கல் இருக்கிறதா என்று தேடினாள். இருந்திருந்தால் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். ஒன்றும் இல்லை. குழாயை மூடிவிட்டுத் தலையாட்டி போனாள்.

முதல் நீளத்தின் சராசரி நேரமான முப்பத்தெட்டு புள்ளி ஒன்று இரண்டைப் பத்தொன்பதால் வகுத்தாள். தாள் தேவைப்படவில்லை. இரண்டு நொடிக்கு ஒரு மயிரிழை கூட. ஒன்பது புள்ளி எட்டு, அச்சில் வார்த்ததுபோல. ஆறு நீளமும் அப்படியே சரியாக வரும். அளக்காத பத்தொன்பது மேசைக்கும் விடை சரி, அளந்த ஒரு மேசைக்கு மட்டும் தப்பு. அதுவும் எட்டாம் வகுப்புப் பிள்ளை செய்கிற தப்பு.

ஆய்வகத்துக்குத் திரும்பி, வாட்ச்சைக் கேட்டு வாங்கினாள். கைபேசியையும் அதையும் ஒரே நேரத்தில் ஓடவிட்டாள். மூன்று நிமிடம் முடிந்து நிறுத்தியபோது இரண்டும் ஒன்றாக நின்றன. ஸ்டூலில் உட்கார்ந்து பூட்டுகளை எண்ணிக்கொண்டிருந்த உதவியாளர் ஏறிட்டுப் பார்த்தார்.

"போன மாசம்தான் எல்லாத்தையும் சர்வீஸ் பண்ணிக் கொண்டாந்தாங்கம்மா."

"சாருக்குத் தெரியாதா?"

"கேட்டா சொல்லியிருப்பேன். கேக்கல."

பேராசிரியர், நாற்பது அறிவியல் மாணவர்கள், அவளையும் சேர்த்து. வாட்ச் மெதுவாக ஓடுகிறது என்று ஒருத்தி சொன்னாள். ஒருவருக்காவது அதை ஓட்டிப் பார்க்கத் தோன்றவில்லை. அவளுக்கே தோன்றவில்லை.

அப்போது அப்பா கூப்பிட்டார். பெரியப்பாவிடம் பேசிவிட்டாராம். அண்ணனிடம் இவ்வளவு சத்தமாக அவர் பேசியதே இல்லையாம். அம்மா வந்து ஜன்னலைச் சாத்தினாளாம். சொல்லிச் சொல்லிச் சிரித்தார். ம், ம் என்று கேட்டுவிட்டு வைத்தாள்.

ஐந்து மணிக்குப் பேராசிரியர் அறை. மேசையில் படிவம் தயாராக இருந்தது. மேலே பேனா. அவள் உட்காரவில்லை.

"சார், வாட்ச் சரியாத்தான் ஓடுது. நான்தான் தப்பா எண்ணிட்டேன்."

அவருக்கு முதலில் விளங்கவில்லை. அவள் விளக்கினாள். அவர் பேனாவை ஊசல்போல ஆட்டி, உதடு அசைய எண்ணிப் பார்த்தார். நாலு வரை எண்ணி நிறுத்தினார். பிறகு சிரித்தார். சின்ன விஷயம் என்றார். கடிதம் நாலரைக்கே இயக்குநருக்குப் போய்விட்டது, இணைப்பு பின்னால் வருகிறது என்று எழுதியாகிவிட்டது, இனி திருப்பிக் கேட்டால் நன்றாகவா இருக்கும் என்றார். வாட்ச்கள் பழசு என்பது உண்மைதானே, இன்றைக்கு ஓடினாலும் நாளைக்கு நிற்கும் என்றார். கடைசியில் குரலைத் தாழ்த்தினார்.

"அந்த ஒரு பக்கத்த மட்டும் எழுதிக் குடும்மா. யாரு போய் வாட்ச்ச ஓட்டிப் பாக்கப் போறாங்க?"

அவள் படிவத்தைப் பார்த்தாள். அவள் பெயர் தட்டச்சாகி இருந்தது. தனி மேசை, தனிச் சாவி, ஒரு வருடம். கையெழுத்துப் போடும் இடத்தில் பென்சிலால் ஒரு சின்னப் பெருக்கல் குறி.

மனசாட்சி ஏதாவது பேசுகிறதா என்று அவள் காத்திருந்தாள். ஒன்றும் பேசவில்லை. அவள் செய்யப் போவதற்கு நேர்மை என்று பேர் வைத்தால் பொய். கையெழுத்துப் போட்டால் நாளைக்கு இதே ஆய்வகத்துக்கு, பூஜ்யத்திலிருந்து எண்ணத் தெரிந்த எவளாவது ஒருத்தி வருவாள். மூன்றாவது வரிசையில் ஜன்னலோரம் உட்காருவாள். இவளுக்கும் ஒரு பெயர் வைப்பாள். அது மட்டும் அவளால் முடியாது. பெரியப்பாவின் டியூஷன் சென்டரைக்கூடத் தாங்கிக்கொள்ளலாம் போலிருந்தது.

ரெக்கார்டு நோட்டைத் திறந்தாள். ஆய்வகத்தில் தப்பை அழிக்கக் கூடாது, கீழே இருப்பது படிக்கிற மாதிரி ஒற்றைக் கோடு போட்டு அடித்துத் தேதியோடு கையெழுத்துப் போட வேண்டும். அப்படியே அடித்தாள். எண்ணிக்கை ஒன்றில் தொடங்கியது, பிழை என்னுடையது என்று பக்கத்தில் எழுதினாள். நோட்டைப் படிவத்தின் மேல் வைத்தாள்.

பேராசிரியர் அதைப் படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார். "பொழைக்கத் தெரியாத பொண்ணா இருக்கியேம்மா" என்றார். அதை வருத்தமாகத்தான் சொன்னார். பிறகு, அப்படியானால் வேறு யாரையாவதுதான் பார்க்க வேண்டும் என்று படிவத்தை உருவிக் கசக்கிப் போட்டார்.

வெளியே மைக் ஒரு ஃபைலை மார்போடு அணைத்துக்கொண்டு நின்றிருந்தான். அவள் வெளியே வந்ததும் அவனை உள்ளே கூப்பிட்டார்கள். கதவு முழுதாகச் சாத்தவில்லை. படி இறங்கும்போது அவன் குரல் கேட்டது.

"ஆமா சார். எங்க வாட்ச்சும் அப்படித்தான் சார், ரொம்ப மெதுவா ஓடுச்சு."

ஒன்பது புள்ளி எட்டு ஒன்று எங்கேயிருந்து வந்தது என்று பேராசிரியர் கேட்கிறாரா என்று அவள் ஒரு படியில் நின்று கேட்டாள். நல்லது, ஒரு பக்கம் எழுதிக் கொடுத்துவிடு என்றுதான் கேட்டது.

பஸ் நிறுத்தத்தில் தலையாட்டி இருந்தாள். கையெழுத்துப் போட்டாயா என்றாள். அவள் நடந்ததைச் சொன்னாள். தலையாட்டி இந்த முறை தலையை ஆட்டவில்லை. மேலும் கீழும் அவளைப் பார்த்தாள்.

"லூசா நீ? நான் சும்மா ஒரு சந்தேகம் கேட்டேன். அத எடுத்துக்கிட்டு நேரா அவர்கிட்டயா போவ?"

தலையாட்டி கொஞ்சம் தள்ளிப் போய் நின்றுகொண்டாள். அசட்டுத்தனம் ஒட்டிக்கொள்ளும் என்று பயந்தவள் மாதிரி.

அப்பாவைக் கைபேசியில் கூப்பிட்டாள். இடம் இல்லை என்றாள், காரணத்தையும் சொன்னாள். யாருக்காவது தெரியுமா என்றார். கூட இருந்தவளுக்கு மட்டும்தான், அவளும் வெளியே சொல்லியிருக்க மாட்டாள் என்றாள். அப்புறம் ஏம்மா சொன்ன என்றார். பிறகு மூச்சை விட்டுக்கொண்டு, இனி அண்ணன்கிட்ட நான் எப்படிப் பேசுவேன் என்றார்.

"நீங்க பேச வேணாம்பா. நான் பேசறேன்."

"நீயா?" என்றார் அப்பா.

அவள் வைத்துவிட்டுப் பெரியப்பாவின் எண்ணை அழுத்தினாள். பஸ் வந்து நின்றது. தலையாட்டி ஏறினாள். அவள் ஏறவில்லை. பெரியப்பா எடுத்தார். இடம் போனதை அதற்குள் அப்பா சொல்லியிருக்க முடியாது, ஆனால் குரலில் ஏற்கெனவே ஜெயித்த களை இருந்தது.

"என்ன டீச்சரம்மா, பெரிய லேபெல்லாம் கிடைச்சுடுச்சாமே?"

"கிடைக்கல பெரியப்பா. உங்க சென்டருக்கும் வரல."

அவர் வாழ்க்கையில் கேட்காத சொற்றொடர் அது. பஸ் சத்தத்தில் கேட்கவில்லை, என்ன சொன்னாய், திரும்பச் சொல் என்றார்.

பஸ் போகும்வரை பொறுத்திருந்து, திரும்பச் சொன்னாள்.